சங்கிலியா, கயிறா?

"மச்சான், நீங்கதான் படிச்ச ஆள். சங்கிலியா கயிறா, ஒரு முடிவச் செல்லுங்க."

மாரி ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கியிருந்த 2021 பெப்ரவரியில் என் தங்கையின் கணவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போதுதான் அவர் ஒரு பழைய படகை வாங்கியிருந்தார். இருபத்தெட்டு அடி நீளமான, எங்கள் பக்கத்தில் 'மூன்றரைத் தொன்' என்று சொல்லப்படும் படகு. தங்கையின் இரண்டு காப்புகள் அதற்குள் போயிருந்தன. மூன்றாவது காப்பும் போகுமா இல்லையா என்பது நான் சொல்லப்போகும் பதிலில் தங்கியிருந்தது.

கல்முனையிலிருந்து தெற்கே போகும் எங்கள் கரை, வரைகோல் வைத்துக் கீறியதுபோல நேரானது. குடாவுமில்லை, ஒதுங்க ஒரு முனையுமில்லை. பைபர் வள்ளங்களைப் பத்துப் பேர் சேர்ந்து மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். மூன்றரைத் தொன் படகை அப்படி ஏற்ற முடியாது. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டபோது இனிப் படகுகளுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டதென்று நம்பினோம். சில வருடங்களிலேயே மணல் அதன் வாயை அடைத்தது. அதற்கு வடக்கே கரையைக் கடல் தின்றது. ஆகவே எங்கள் ஊர்ப் படகுகள் எப்போதும்போல் கரையிலிருந்து முந்நூறு மீற்றருக்கு அப்பால், திறந்த கடலில், நங்கூரத்தை நம்பித்தான் கிடந்தன.

மச்சான் கேட்ட கேள்வி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வாப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். அவர் அப்போது வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில்தான் இருந்தார். காது சற்று மந்தம், கண்ணிலும் புரை. அவரைத் தாண்டி வந்து என்னிடம் கேட்கிறார் மருமகன். நான் ஒரு கொப்பித் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

பத்து மில்லிமீற்றர் சங்கிலி ஒரு மீற்றர் ஏறத்தாழ இரண்டே கால் கிலோ. நாற்பது மீற்றர் போட்டால் தொண்ணூறு கிலோ. படகின் முன்னணியத்தில் எந்நேரமும் ஓர் ஆளும் ஒரு பிள்ளையும் ஏறி நிற்பது போன்ற பாரம். இழுத்தெடுக்க இயந்திரமில்லை, கைதான். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். விலையோ மூன்றாவது காப்பு. பன்னிரண்டு மில்லிமீற்றர் நைலோன் கயிறென்றால் நாற்பது மீற்றரும் நாலு கிலோவுக்குள் அடங்கும். அதை அறுக்க மூன்று தொன் இழுவை வேண்டும். பலத்த காற்றிலும் இந்த அளவுப் படகு நங்கூரத்தை இழுப்பது சில நூறு கிலோதான். இழுபடும்போது நைலோன் நீண்டு கொடுக்கும். அலை அடிக்கும் அடி படகுக்குத் தெரியாது.

"கயிறு போதும் மச்சான்" என்றேன். கணக்குத் தாளை மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் போட்ட கணக்கில் இன்றுவரை ஒரு பிழையும் இல்லை.

அந்த வருடம் முழுவதும் கயிறு போதுமாகத்தான் இருந்தது. படகு விடியுமுன் போகும், மாலையில் வரும். ஒவ்வொரு நாளும் நங்கூரம் ஒரு பாகம் தள்ளியோ இரண்டு பாகம் கிட்டவோ விழும். வாடைக் காலம் வந்ததும் மற்றப் படகுகளோடு அதையும் வேறிடம் கொண்டுபோய்விட்டார்கள். தங்கை என்னைக் காணும்போதெல்லாம், "காக்கா, ஒரு காப்பக் காப்பாத்திக் குடுத்தீங்க" என்று சிரிப்பாள்.

பிறகு 2022 வந்தது. டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சமையல் எரிவாயு இல்லை. பாடசாலைகளையும் மூடிவிட்டார்கள். நாடு முழுவதும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஜூலையில், எங்கள் ஊர்ப் படகுகள் நாற்பது நாளாக ஓரிடத்திலேயே கிடந்தன. எரிபொருள் தாங்கியில் ஒரு சொட்டு இல்லாத படகுக்கும் இரவில் காவல் வேண்டும். இல்லாவிட்டால் பற்றரியையும் வலையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தங்கையின் மூத்த மகன், பதினெட்டு வயது, என்னிடம் படித்த பிள்ளை, படகில் போய்ப் படுப்பான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரமிருக்கும். சுபஹுத் தொழுதுவிட்டுக் கரைக்குப் போன மச்சான் ஓடிவந்து என் வாசலில் நின்றார். "படகக் காணல்ல." அவர் மகனைக் காணல்ல என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு அவருடைய நாக்கு அப்போது வரவில்லை.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவது. வாடையில் நங்கூரம் விட்டால் படகு கரையேறி உடையும். ஆளாவது நீந்தித் தப்பலாம். கச்சானில் விட்டால் படகு உடையாது. அது கடலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு எண்ணெய் இல்லாத படகு. அவனுடைய கைபேசிக்கு எடுத்தோம்; தொடர்பில்லை. கடற்படைக்கு அறிவித்தோம். காத்திருக்க மனமில்லை. தேடிப் போக வள்ளம் இருந்தது, மண்ணெண்ணெய் இல்லை.

அன்று நான் கண்டதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்த அரைமணி நேரத்துக்குள் பெண்கள் போத்தல்களோடு வந்தார்கள். கால் போத்தல், அரைப் போத்தல். அடுப்புக்கென்று நான்கு நாள் வரிசையில் நின்று எடுத்த எண்ணெய். ஒரு மூதாட்டி குப்பிவிளக்கைக் கழற்றிக் கானுக்குள் கவிழ்த்தார். பக்கத்துத் தமிழூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் ஐந்து லீற்றர் கட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருடம் மச்சானோடு ஒரே வலையில் நின்றவர். இரண்டு வள்ளங்களுக்குப் போதுமான எண்ணெய் சேர்ந்தது.

எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வந்தபோதுதான் யாரோ வாப்பாவைக் கைத்தாங்கலாகக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். கடைசியாகப் படகைக் கண்டது எப்போது? இராக்காற்று எத்தனை மணிக்கு எழும்பியது? நீர் எந்தப் பக்கம் வலிக்கிறது? பிறகு கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார். அந்தக் கை நடுங்கியது. ஆனால் திசை மாறவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அஸருக்குப் பிறகு வள்ளங்கள் திரும்பின. ஒன்று படகைக் கட்டி இழுத்து வந்தது. பிள்ளை முன்னணியத்தில் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது, வேறொன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நினைத்ததைவிடக் கிட்டவே அவனைக் கண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. கயிறு அறுந்து படகு போவதை உணர்ந்ததும் அவன் பழைய வலையைச் சுருட்டி, இரண்டு மீன் கூடைகளைச் சேர்த்துக் கட்டி, மிஞ்சியிருந்த கயிற்றின் முனையில் பிணைத்து முன்னணியத்தால் கடலில் இறக்கியிருக்கிறான். நீரில் அந்த மூட்டை விரிந்து பாரமாக நிற்க, படகின் முகம் காற்றுக்குத் திரும்பி, ஓட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆழம் எட்டாத இடத்தில் தண்ணீரையே நங்கூரமாக்கும் வித்தை அது.

"இத ஆரு செல்லித் தந்த?" என்று கேட்டேன்.

"மூத்தாப்பா" என்றான். காவலுக்குப் போகுமுன் ஒவ்வொரு மஃரிபுக்கும் அவன் வாப்பாவின் கதிரையடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவது எனக்குத் தெரியும். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

அறுந்த முனையை வாப்பாவின் கையில் கொடுத்தோம். கண் சரியாகத் தெரியாதவர், விரலால் பார்த்தார். ஒரு பக்க நார்கள் பஞ்சாய்ப் போயிருந்தன. மறுபக்கத்து நார்கள் மட்டும் நீண்டு இழுபட்டிருந்தன.

"இது இழுபட்டு அறுந்ததில்ல. பாரு தின்டிரிக்கி" என்றார்.

கடலடியில் மணலுக்கிடையே தலைநீட்டும் கற்பாறைத் திட்டை எங்கள் மீனவர் பார் என்பர். பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று. படகு ஒரு நாளைக்கு இரண்டு தடவை திரும்பும். திரும்பும்போதெல்லாம் அடிக்கயிறு அந்தப் பாரின் விளிம்பில் உரசிக்கொண்டு போகும். நாற்பது நாளில் எண்பது தடவை. கடற்காற்றையும் கரைக்காற்றையும் பற்றி ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பிப்பவன் நான். உராய்வையும் நானே படிப்பிக்கிறேன். இரண்டு பாடங்களும் ஒரு கயிற்றில் சந்திக்கும் என்பது என் கொப்பித் தாளில் இல்லை. கயிறு எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்தேன். எதில் உரசிக்கொண்டு கிடக்கும் என்று பார்க்கவில்லை.

"வாப்பா, இது ஒங்களுக்கு முதலே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் செல்லல்ல?"

"கேட்டாத்தானே மகன் செல்லலாம்."

அதில் கோபமில்லை. கோபமிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பின்னர்தான் நான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன், வாப்பாவின் கதிரையடியில். அவருடைய காலத்தில் தும்புக் கயிறு. சங்கிலி வாங்க வசதி கிடையாது. ஆனால் நங்கூரத்தோடு சேரும் கடைசி இரண்டு மூன்று பாகத்துக்குப் பழைய வலைத்துண்டை வரிந்து சுற்றுவார்களாம்; எங்காவது உடைந்த சங்கிலித் துண்டு கிடைத்தால் அதை அங்கே போடுவார்களாம். மேலே எப்போதும் கயிறுதான். ஆக, சங்கிலியா கயிறா என்ற கேள்வியையே அவர்கள் கேட்டதில்லை. எது எந்த இடத்துக்கு என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நங்கூரத்தின் முள் நிலத்தைப் பிடிப்பது பாரத்தால் மட்டுமல்ல. இழுவை நிலத்தோடு கிடையாக வந்தால் முள் ஆழப் புதையும். மேல்நோக்கி வந்தால் பெயர்ந்துவிடும். சங்கிலி தன் பாரத்தால் கடலடியில் படுத்துக் கிடக்கிறது. படகு மேலே துள்ளினாலும் முதலில் சங்கிலிதான் எழும்ப வேண்டும். அதுவரை முள்ளுக்குச் செய்தி போகாது. பாரில் உரசினாலும் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. இதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை சணல் வடங்களை விட்டு இரும்புச் சங்கிலிக்கு மாறியது.

ஆனால் சங்கிலிக்கும் ஓர் எல்லையுண்டு. தொய்வு இருக்கும்வரைதான் அது மெத்தை. ஆழம் குறைந்த கரையோரத்தில் பெரிய அலை வந்தால் தொய்வு முழுவதும் இழுபட்டு இரும்புக் கம்பியாக நிமிர்ந்துவிடும். அதன் பிறகு வரும் ஒவ்வோர் அலையும் சம்மட்டி அடி. ஒன்றில் முள் பெயரும், அல்லது படகின் கட்டுக்குற்றி பெயரும். நைலோன் அப்படியல்ல, பலத்த இழுவையில் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்குவரை நீண்டு, பிறகு சுருங்கும். நீளம் விடுவதிலும் வேறுபாடுண்டு. முழுவதும் சங்கிலியென்றால் ஆழத்தின் நாலைந்து மடங்கு போதும். கயிறென்றால் ஏழு மடங்காவது வேண்டும். நெருங்கிக் கிடக்கும் படகுகளுக்கிடையில் அவ்வளவு விட்டால் ஒன்றோடொன்று மோதும். கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலக் கயிறோ நீரில் மிதப்பது. நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். போகிற வருகிற வள்ளத்தின் விசிறியிலும் சிக்கும். வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாகும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் இப்னு பதூதா ஞாபகத்துக்கு வந்தார். மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலை ஏறிய அதே மனிதர். மாலைதீவின் தும்புக் கயிற்றைப் பற்றி அவர் தன் பயண நூலில் குறித்திருக்கிறார். இந்தியாவினதும் யெமனினதும் கப்பல்களை அக்கயிற்றால் தைத்தார்கள். அக்கடலில் பாறைகள் அதிகம். இரும்பாணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் சொன்ன காரணம். இரும்பின் வலிமையையும் கயிற்றின் வலிமையையும் நம் கடலோடிகள் அந்தக் காலத்திலேயே வேறுபிரித்து அறிந்திருந்தார்கள். நங்கூரம் என்ற சொல்கூடப் பாரசீகத்து 'லங்கர்' நம் வாயில் மாறியதுதான்.

ஜும்ஆப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பவா, கட்டாமல் நம்பவா என்று ஒருவர் கேட்க, கட்டிவிட்டு நம்பும்படி நபியவர்கள் சொன்ன ஹதீஸ். எதால் கட்டுவது என்று அந்த மனிதர் கேட்கவில்லை. பாலைவனத்தில் பிறந்தவருக்கு அது தெரிந்திருக்கும். தெரியாத எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. தவக்குல் என்பது கட்டிய பிறகு தொடங்குவது. கட்டுவதற்குமுன் தெரிந்தவரிடம் கேட்பதும் கட்டுவதில் ஒரு பகுதிதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

சங்கிலி என்ற சொல்லை நாம் வேறோர் இடத்திலும் பயன்படுத்துகிறோம். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு அறிவு வந்த வழியை அறபியில் ஸில்ஸிலா என்கிறோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையில் ஓர் ஆள் விடுபட்டால் அந்த அறிவிப்பே பலவீனமாகிவிடும். எங்கள் வீட்டில் விடுபட்ட ஆள் நான். வாப்பாவுக்குத் தெரிந்தது என்னைத் தாண்டி என் மருமகனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அதனால் அவன் பிழைத்தான். நான் படித்ததில் எனக்கு வெட்கமில்லை. கலாசாலையில் கற்றதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். நைலோன் எவ்வளவு நீளும் என்று எழுதும்போது அந்தப் படிப்புத்தான் கைகொடுக்கிறது. ஆனால் படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் வாய்மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மூன்றாவது காப்பும் போகத்தான் போனது. பாதி என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். தங்கை வேண்டாமென்று சொல்லவில்லை. அவளுக்கும் எனக்கும் இடையில் பல மாதங்கள் ஏதோ ஒன்று உரசிக்கொண்டு கிடந்தது. அவள் ஒரு சொல் சொன்னதில்லை. தேத்தண்ணி தந்தாள், பெருநாளைக்குப் பலகாரம் அனுப்பினாள். ஆனால் "ஒரு காப்பக் காப்பாத்தின காக்கா" என்ற பகிடியை அவள் பிறகு சொல்லவேயில்லை. ஒரு நாள் நானே போய், "பிழை என்டதுதான்" என்று சொன்னேன். "தெரியும் காக்கா. நீங்க செல்லுவீங்களா எண்டுதான் பாத்த" என்றாள். எங்கள் இருவருக்கும் கண் நிறைந்தது.

இப்போது அந்தப் படகுக்கு நங்கூரத்தோடு எட்டு மீற்றர் சங்கிலி, அதற்கு மேல் நைலோன். தேயும் இடத்தில் இரும்பு. துள்ளும் இடத்தில் கயிறு. இரண்டும் சேரும் இடத்தில் கயிற்றின் கண்ணுக்குள் ஓர் இரும்பு வளையம், அதைச் சங்கிலியோடு பூட்டும் லாடக் கொளுவி. கொளுவியின் ஆணி சுழன்று கழன்றுவிடாமல் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறது. வாப்பா சொன்னார்: "சங்கிலியும் போகாது, கயிறும் போகாது. போனா இந்தப் பொருத்துத்தான் போகும். மாசத்துக்கு ஒருக்கா இதத் தொட்டுப் பாருங்க."

2024இல் வாப்பா மௌத்தானார். அவருடைய கதிரை இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, மருமகனும் நானும் வள்ளத்தில் படகுக்குப் போகிறோம். அவன் நங்கூரத்தை இழுத்து மேலே எடுக்கிறான். பொருத்து வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் கண்ணை விரலால் ஒரு சுற்றுத் தடவுகிறேன். நார் எங்காவது பஞ்சாகியிருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா என்று.

"எப்பிடி மாமா?" என்று கேட்பான்.

"நீயும் ஒருக்கா பாரு மகன்" என்று அவன் கையில் கொடுக்கிறேன்.